காதல் அத்தியாயங்களில் மட்டும் இரைச்சல்

— முடியாது. மைக் வாங்க மாட்டேன்.

— ஏன்க்கா, மைக் உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? கையில இருக்கிற காசு ஒரே ஒரு பொருளுக்குத்தான் காணும். அந்த ஒண்ணு மைக்கா இருக்கட்டுமேன்னு சொல்றேன். சத்தியமா சொல்றேன், வீட்டுல ரெக்கார்ட் பண்றவங்க யாரு கடைக்கு வந்தாலும் முதல்ல அதைத்தான் கேக்கறாங்க.

— கடையில விக்கிறவன் வேற என்னடா சொல்லுவ? நேத்து உங்க கடையில மைக் வந்து இறங்குச்சு, அதனால அக்காவுக்கு மைக். நேத்து ஃபேன் இறங்கியிருந்தா இன்னிக்கு என்கிட்ட ஃபேனைப் பத்திப் பேசிட்டிருப்ப.

— தம்பியை இப்படி நம்பாத அக்காவை நான் பார்த்ததே இல்ல.

— பொறந்ததுலேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருக்க.

— சரி, நீயே சொல்லு. எதை வாங்கலாம்?

— ஹெட்போன்.

— ஹெட்போனா! அய்யோ அக்கா. நீ படிக்கிறது மைக் வழியா உள்ள போகுது. ஹெட்போன் வழியா வெளிய வருது. உள்ள போறது குப்பையா இருந்தா, வெளிய வர்றதைத் தங்கத்துல கேட்டாலும் குப்பைதான். சத்தியமா.

— எது குப்பைன்னு தெரியாம எதைடா பெருக்குறது? கதைப் புத்தகத்தைப் படிச்சு ரெக்கார்ட் பண்ணித் தரச் சொன்ன கம்பெனிக்காரன் எழுதியிருக்கான், பின்னாடி இரைச்சல் வருது, ஏத்துக்க முடியாதுன்னு. அவனுக்குக் கேக்குது. எனக்கு இந்த ஓட்டை ஹெட்போன்ல லேசா 'ஸ்ஸ்'னு ஏதோ கேக்குது, அது என்னன்னு பிடிபடல. கேக்காத சத்தத்தை நான் எப்படி நிறுத்துவேன்?

— அது மைக்கோட சொந்தச் சத்தம்க்கா. மட்டமான மைக்னா உள்ளேயே அப்படித்தான் இரையும்.

— அப்ப எல்லா அத்தியாயத்துலயும்ல இரையணும்? மூணு, அஞ்சு, எட்டு, ஒன்பது எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குன்னு அதே ஆளுதான் எழுதியிருக்கான். அதே மைக். அதே துணி அலமாரி. உள்ள உக்காந்து படிக்கிறதும் அதே நான்தான்.

— திருப்பி அனுப்பினது எதெது?

— ரெண்டு, நாலு, ஆறு, ஏழு.

— அதுல என்ன கதை?

— கப்பல்காரப் பையனும் துணிக்கடைக்காரர் பொண்ணும். ஜன்னல்ல நின்னு பார்ப்பாங்க, பெருமூச்சு விடுவாங்க, மறுபடி ஜன்னல்ல நின்னு பார்ப்பாங்க.

— அந்தக் கண்ணாடி அத்தியாயம் எல்லாம்?

— அதெல்லாம் படகுக்காரி. படகைப் பிடுங்கிக்கிட்ட முதலாளி மேல கேஸ் போட்டு ஒத்தையா நிக்கிறாளே, அவ.

— அப்ப முடிவு தெரிஞ்சு போச்சு. உன் மைக்குக்குக் காதல் பிடிக்கல.

— உதைப்பேன். எனக்கு இங்க உசுரு போகுது, நீ ஜோக் அடிக்கிற.

— சரி சரி. எப்ப தரணும்?

— திங்கட்கிழமை. தராட்டி புத்தகம் என் கையை விட்டுப் போயிடும். அந்த ஆளு ஃபோன்ல என்ன சொன்னான் தெரியுமா? 'உங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு சிரமம்? ஒரு நாள் எங்க இடத்துக்கு வாங்க, கொஞ்ச நேரம் பேசுங்க, ஒரு கையெழுத்துப் போடுங்க. மீதியை உங்க குரல்லயே மெஷின் படிச்சுக்கும்'கிறான். இந்தப் புத்தகம் மட்டுமில்லடா. இனிமே வர்றது எல்லாமே.

— சும்மாவா?

— சும்மா இல்ல, காசு தருவானாம். ஒரே தடவை.

— தப்பா நினைக்காதக்கா. வாங்கிக்கலாமே? இந்த வெயில்ல அலமாரிக்குள்ள உக்காந்து வேக வேண்டாம். மைக், ஹெட்போன், ஒரு தலைவலியும் வேண்டாம்.

— இன்னொரு தடவை சொல்லு.

— இல்ல, சொல்லல.

— குரலை நான் வேலைக்கு அனுப்புவேன்டா, எழுதிக் கொடுக்க மாட்டேன். கேட்டுக்கோ. படகுக்காரி கோர்ட்டுல நின்னு, 'என் படகு எது'ன்னு விரலை நீட்டிக் காட்டுற இடம் இருக்கு. அந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுது. நிறுத்தல. அடைச்ச தொண்டையோடயே படிச்சேன். மெஷினுக்கு எங்க அடைக்கணும்னு யார் சொல்லிக் கொடுப்பா? அந்த ஆளுகிட்ட சொல்லிட்டேன். திங்கட்கிழமை சுத்தமா வரும், என் வீட்டு அலமாரிக்குள்ளேருந்தே வரும்னு சொல்லிட்டு ஃபோனை வச்சுட்டேன்.

— வச்சியா, பாதியில வெட்டினியா?

— வெட்டினேன்.

— அதானே பார்த்தேன். மாமா என்ன சொல்றார்?

— உங்க மாமா நல்ல மனுஷன். சட்டை எல்லாத்தையும் அலமாரியிலேயே விட்டு வைக்கிறேன், சத்தத்தை உறிஞ்சட்டும்னு சொல்லிட்டு, ரெண்டே ரெண்டு சட்டையை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறார்.

— அப்பா?

— அவருகிட்ட இதையெல்லாம் யார் சொல்றது? அவருக்கு நான் அலமாரிக்குள்ள உக்காந்து சட்டைங்களுக்குக் கதை சொல்றவ. என்னைத் தேடி யாராவது வந்தா அப்படித்தான் சொல்லி அனுப்புறார். நான் படிச்சதுல ஒரு வரியாவது கேட்டிருப்பாரா? ஒரு நாள் நானே ஆசையா ஃபோனை எடுத்துட்டுப் போய் அவர் காதுல வச்சேன். ஈயை ஓட்டுற மாதிரி கையைத் தட்டி விட்டார். எனக்கு வலிச்சுதுடா. சொல்லிக்கிறதில்ல, அவ்வளவுதான்.

— விடுக்கா. கப்பலுக்கு அடியில முங்கி, ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டின மனுஷன். வேலைன்னா கையில காயம் இருக்கணும்பார்.

— தொண்டையில காயம் இருந்தா கணக்குல வராதாக்கும்.

— உடம்பு எப்படி இருக்கு?

— அப்படியேதான். ஆக்சிஜன் மெஷின் ராத்திரி பகலா ஓடணும், மூக்குக் குழாயைக் கழட்டவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். உடம்பு கூடப் பரவாயில்ல, இப்பல்லாம் தனியா ஏதோ பேசுறார். நேத்து சாப்பிட்டுக்கிட்டே இருந்தவர் திடீர்னு, 'படகோட பின்பக்கத்துல எவளாவது நங்கூரம் போடுவாளா? முங்கிடாது?'ன்னு என்னைப் பார்த்துக் கத்தறார். எவளைச் சொல்றீங்கன்னு கேட்டேன். சோத்தைப் போடுன்னுட்டார். பழைய நெனப்பு போல.

— பாவம். சரி, இதைப் பாரு. பையில என்ன கொண்டு வந்திருக்கேன்னு பாரு.

— ஹெட்போன்! இவ்வளவு பெருசா! டேய், வாங்கிட்டியா?

— கடையில வர்றவங்க போட்டுப் பார்க்கறதுக்கு வச்சிருக்கிறது. முதலாளிக்குத் தெரியாது. சாயந்திரத்துக்குள்ள திருப்பி வைக்கணும். பந்தயம் வச்சுக்கலாமா? இதுல கேட்டு, தப்பு மைக் மேலதான்னு ஆச்சுன்னா நீ வாயை மூடிக்கிட்டு மைக் வாங்கணும்.

— இல்லேன்னு ஆச்சுன்னா?

— இனிமே எங்க கடைப் பேச்சையே உன்கிட்ட எடுக்க மாட்டேன்.

— அந்த ஒண்ணுக்காகவே நான் ஜெயிக்கணும். போடு. நான் முன்னும் பின்னும் வெட்டாத ஃபைலா பார்த்துப் போடு, அதுலதான் எல்லாம் இருக்கும்.

— நாலாவது போடறேன். ம்... 'அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.' என்னக்கா குரல் இப்படிக் குழையுது? மாமாவுக்குத் தெரியுமா இதெல்லாம்?

— இரைச்சலைக் கேளுடா.

— கேக்குது. நல்லாவே கேக்குது. இரு, கண்ணை மூடிக்கறேன்... ஸ்ஸ்ஸ்ஸ், புஸ். ஸ்ஸ்ஸ்ஸ், புஸ்.

— என்னது புஸ்?

— அதான் எனக்கும் புரியல. மைக் இரைச்சல்னா மழை பெய்யுற மாதிரி ஒரே சீரா இருக்கணும். இது ஏதோ தாளம் போடுது.

— அப்ப மைக் இல்ல.

— அவசரப்படாத.

— மைக் இல்லன்னு உன் வாயாலேயே சொல்லு.

— மைக் இல்ல... போதுமா? அப்ப எது? ஃபேன்?

— ஃபேனை அணைச்சுட்டுத்தான் உள்ள போவேன். ஃபிரிட்ஜையும் அணைச்சுடுவேன். கதவுக்கு வெளிய சிவப்பு பல்பு போட்டா வீட்டுல ஒருத்தரும் குழாயைக்கூடத் திறக்கக் கூடாது, அது இங்க சட்டம். ஒன்பதாவதைப் போடு. சுத்தமா இருக்கிறதுல என்ன கேக்குதுன்னு பார்ப்போம்.

— ஒன்பது... ஆரம்பத்துல 'டக்'னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் கம்முனு இருக்கு. ஓட்டிப் பார்க்கறேன்... கடைசியில மறுபடி 'டக்'. கூடவே 'பீப்'.

— அந்த டக்கு எப்பவும் வரும். அலமாரிக் கதவுன்னு நினைச்சு வெட்டி எறிஞ்சுடுவேன். பீப்பைத் தெருவுல போற வண்டின்னு நினைச்சேன்.

— நடுவுல கேக்கறேன் இரு. கோர்ட்டுக்குப் போறதுக்கு முந்தின நாள்... நல்லா படிக்கிறக்கா. சும்மா சொல்லல. ஆனா ரொம்ப மூச்சு வாங்குற.

— நானா? நான் மூச்சு விடுறது கேக்கவே கேக்காது. அதுல எனக்கு ஒரு திமிரே உண்டு.

— இழுத்து இழுத்து வாங்குறியே. 'அலை வந்து அலை வந்து அவள் காலை'ன்னு வர்ற அந்த நீளமான வரியில மட்டும் மூணு தடவை.

— அந்த வரி முழுக்க ஒரே மூச்சுல படிச்சேன்டா. கழட்டு, இங்க குடு.

— இந்தா. சத்தம் கூட்டியிருக்கேன், பார்த்து.

— ம்.

— கேக்குதா?

— ம்.

— அக்கா? ஏன் அலமாரியையே பார்க்கற? என்னக்கா?

— அது என் மூச்சு இல்லடா.

— பின்ன?

— அலமாரியோட முதுகு எதுல சாஞ்சிருக்கு, பாரு.

— பலகைத் தடுப்புல.

— தெருப் பக்கம் மெத்தை கட்டினோம். கதவுப் பக்கம் போர்வை தொங்க விட்டோம். முதுகுப் பக்கம் ஒரு துணிகூடப் போடல. சத்தம் வெளியிலேருந்துதானே வரும், வீட்டுக்குள்ளேருந்து என்ன வரப்போகுதுன்னு நீதான் சொன்ன.

— நான்தான் சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கம்...

— அப்பா கட்டில்.

— ஸ்ஸ்ஸ், புஸ். அக்கா, அந்த மெஷின்! இப்பக்கூட ஓடுது, கேளு!

— நாள் பூரா கேட்டுக் கேட்டு எனக்கு அது சத்தமாவே தெரியல. உனக்குமா தெரியல?

— உள்ள நுழையறப்போ கேட்டுச்சு. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடத் தோணல. மைக் வித்து மைக் வித்து மூளையும் மைக்காவே ஆயிடுச்சு. இரு, அப்ப சுத்தமான அத்தியாயத்துல எல்லாம் அது ஓடல.

— ஓடல. டக்குனு அணைச்சிருக்கார். நான் படிச்சு முடிச்சதும் பீப்புனு போட்டிருக்கார். நடுவுல கேட்டது அவர் மூச்சு... சிவப்பு பல்பு போட்டது நான்டா. சத்தம் வரக் கூடாதுன்னு வீட்டுல சட்டம் போட்டது நான். முடிஞ்ச அன்னிக்கு அணைச்சிருக்கார். முடியாத அன்னிக்கு விட்டிருக்கார். கண்ணாடி மாதிரி இருக்காம்! அவர் மூச்சை மிதிச்சுக்கிட்டு நின்னு படிச்சிருக்கேன், அதைக் கண்ணாடின்னு எழுதியிருக்கான்.

— அழாதக்கா.

— அழல. கோவம். அப்பா! அப்பா!

— என்னடி? வீடு பத்திக்கிச்சா?

— எந்திரிக்காதீங்க, நாங்களே வர்றோம்.

— வாங்க வாங்க. சின்னவனே, வந்ததும் அலமாரிக்குப் போய் நலம் விசாரிச்சியாக்கும். அப்பன் ஞாபகம் இப்பதான் வந்துதா?

— இல்லப்பா, இப்பதான் வந்தேன்.

— நான் படிக்கிறப்போ இந்த மெஷினை அணைக்கிறீங்களா?

— கரண்ட் பில்லு கட்டுறது நீதானே. மிச்சம் பண்ணினா சந்தோஷப்படு.

— பேச்சை மாத்தாதீங்கப்பா. அணைச்சீங்களா, இல்லையா?

— அணைச்சேன். இப்ப என்னங்கற?

— டாக்டர் என்ன சொன்னார்?

— டாக்டர்... கரையில நின்னு கை ஆட்டுறவர். இந்தா பாரு. நான் கப்பலுக்கு அடியில... கையை நீட்டினா கை தெரியாத தண்ணியில... மூச்சைக் கட்டி வேலை பார்த்தவன். அங்க அடக்கினவனுக்கு... மெத்தையில சாஞ்சுக்கிட்டு அடக்கத் தெரியாதா?

— பாருங்க, இந்த நாலு வார்த்தைக்கே எத்தனை இடத்துல நிக்குது. அப்ப உங்களுக்கு நுரையீரல் இருந்துச்சுப்பா.

— இப்பவும் இருக்கு. கொஞ்சம் திமிரு அடங்கியிருக்கு.

— அதுக்கு மட்டும்தான் அடங்கியிருக்கு.

— ஏய் சின்னவனே, சிரிக்காத. உங்கக்கா என்னை மிரட்டுறா.

— தப்பு உங்க மேலதான்ப்பா. சத்தியமா.

— கேட்டுக்கோங்க. உங்க மூச்சைக் குடுத்து வாங்கின சுத்தம் எனக்கு வேண்டாம். மூணு, அஞ்சு, எட்டு, ஒன்பது நாலையும் இப்பவே அழிக்கப் போறேன். அந்தக் கம்பெனிக்கு இந்த மெஷின் சத்தத்தோடயே படிச்சு அனுப்புவேன். என் வீட்டுல ஒருத்தர் மூச்சு விடுறார், கூடவே அதுவும் கேக்கும், பிடிச்சா எடுத்துக்கோ, பிடிக்காட்டி போன்னு எழுதுவேன்.

— அழிக்காதே!

— ஏன் கத்தறீங்க? உங்களுக்கு என்ன போச்சு?

— அழிக்காதேன்னா... அழிக்காதே. அவ்வளவுதான்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. அக்கா, மெஷின் சத்தத்தோட அனுப்பினா அவன் எடுத்துக்க மாட்டான். புத்தகத்தைப் பிடுங்கி மெஷின்கிட்ட குடுத்துடுவான். அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கான்.

— அவன் நினைச்சது நடக்காது. விடமாட்டேன். டேய், இந்த மூக்குக் குழாய் இதைவிட நீளமா கிடைக்குமா?

— மருந்துக் கடையில கேக்கணும். எதுக்கு?

— மெஷினைக் கொண்டு போய்ப் பின்பக்க பால்கனியில வச்சுட்டுக் கதவைச் சாத்திட்டா? குழாய் மட்டும் உள்ள வரட்டும். எவ்வளவு நீளம் போகலாம்னு டாக்டர்கிட்டயே ஃபோன் போட்டுக் கேட்டுக்கலாம்.

— அக்கா! அப்படிப் பண்ணினா அவர் அணைக்கவும் வேண்டாம், உனக்கு இரைச்சலும் வராது.

— அலமாரி முதுகுக்கு அந்தப் பழைய மெத்தை. இன்னிக்கே கட்டு.

— அப்ப மைக்கும் இல்ல, ஹெட்போனும் இல்ல.

— முதல்ல குழாய்.

— எங்க கடையில குழாய் விக்கிறதில்லையே.

— அதனாலதான் நல்ல பொருளா இருக்கும்னு தோணுது. கிளம்பு. வர்ற வழியில ஹெட்போனைத் திருப்பி வச்சுடு, பந்தயத்துல தோத்ததையும் ஞாபகம் வச்சுக்கோ. ராத்திரி உக்காந்தா ரெண்டு, நாலு, ஆறு, ஏழு எல்லாத்தையும் மறுபடி படிச்சு முடிச்சுடுவேன்.

— அய்யய்யே. அதெல்லாம் மறுபடியுமா? அந்தப் பய இன்னும் ஜன்னலை விட்டு நகரலையா?

— எந்தப் பயப்பா?

— ஒண்ணுமில்ல. போங்க, குழாய் வாங்கப் போங்க.

— எந்தப் பய? எந்த ஜன்னல்?

— அக்கா. நங்கூரம்.

— ஒன்பதாவது அத்தியாயம். படகுக்காரி புயல்ல இரவல் படகோட பின்பக்கத்துல நங்கூரம் போடுவா. அப்பா, நேத்து நீங்க கத்தினது பழைய நெனப்பு இல்லையா?

— என்ன பழைய நெனப்பு? எழுதினவன்... கடலைப் படத்துலதான் பார்த்திருப்பான் போல. நல்லா இருந்த பொம்பளையை... அநியாயமா முழுக விடப் பார்க்கறான். நீயும் அதை அப்படியே படிக்கிற.

— அதான் காதல் வர்ற அத்தியாயத்துல மட்டும் மெஷின் ஓடியிருக்கு! படகுக்காரி வந்தா டக்கு!

— நீ வாயை மூடு, சின்னவனே.

— அப்பா, என்னைப் பாருங்க. ரெக்கார்டு சுத்தமா வரணும்னு நீங்க அணைக்கல?

— உன் ரெக்கார்டு எக்கேடு கெட்டா எனக்கென்ன?

— பின்ன எதுக்கு அணைச்சீங்க?

— இது காது பக்கத்துல புஸ்ஸு புஸ்ஸுன்னு ஓடினா... நீ படிக்கிறது எனக்குக் கேக்கலடி.